அரைத்துக்கொள்வதா, வாங்கிவைப்பதா? ஓர் ஆம்சியின் மருந்துப் பெட்டி

சோவா ரிக்பா எனப்படும் திபெத்திய மருத்துவம் படித்துவிட்டு லடாக்கில் தன் கிராமத்துக்குத் திரும்பும் இளம் வைத்தியர் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அங்கே வைத்தியரை ஆம்சி என்பார்கள். தாத்தா செய்ததுபோல மூலிகையைத் தானே பறித்து, உலர்த்தி, அரைத்து, உருட்டிக்கொள்வதா? தரம்சாலாவின் மென்-ட்ஸீ-காங் போன்ற பெரிய மருந்துச்சாலைகளில் தயாரானதை வாங்கிவைப்பதா? அல்லது உரிமம், ஆய்வகச் சான்று, பேட்ச் எண் எல்லாம் உள்ள தொழிற்கூடம் ஒன்றை நாலு பேராகச் சேர்ந்து தொடங்கப் பார்ப்பதா?

முன்பு இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை. தாத்தா கொடுத்த பொடிக்கு ஊரார் அவர்மேல் வைத்த நம்பிக்கைதான் அத்தாட்சி. 2010-ல் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டத்தைத் திருத்தி, சோவா ரிக்பாவையும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளில் சேர்த்தார்கள். 2019 நவம்பரில் லேயில் அதற்கென ஒரு தேசிய நிறுவனம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. குடும்பத்துக்குள் கைமாறி வந்த தொழிலில் இப்போது பட்டமும் பதிவும் தரச்சான்றும் வந்துவிட்டன. நோயாளிகளும் மாறிவிட்டார்கள். சுற்றுலா வந்த இடத்தில் நாடி பார்த்துக்கொள்ளும் பெங்களூர்க்காரர், மாத்திரையை வாயில் போடும் முன் "இதில் பாதரசம் இருக்கிறதா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வழிகளில் ஒன்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தால் ஆம்சி எங்காவது ஓரிடத்தில் சறுக்குவார். மருந்துக்கு மருந்து விடை மாறும். மாதுளை விதைச் சூரணத்துக்குச் சரிவரும் வழி, நாபி என்ற விஷக்கிழங்கு சேர்ந்த மாத்திரைக்குச் சரிவராது.

எதை வைத்து ஒப்பிடுவது

அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. திபெத்திய மருத்துவத்தின் மூலநூல் கியூஷி, அதாவது நான்கு தந்திரங்கள். 12-ஆம் நூற்றாண்டு வைத்தியர் யுதோக் யோந்தென் கொன்போவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மருந்துச் சரக்குக்கு ஏழு விதிகளை அந்த மரபு வகுத்து வைத்திருக்கிறது. சரக்கு அதற்குரிய இடத்தில் விளைந்திருக்க வேண்டும், உரிய பருவத்தில் பறித்திருக்க வேண்டும், முறைப்படி உலர்த்தியிருக்க வேண்டும், பழசாகியிருக்கக் கூடாது. அப்புறம் நஞ்சை நீக்க வேண்டும், உடம்பு ஏற்கும்படி இதப்படுத்த வேண்டும், கடைசியாகச் சேர்மானம் சரியாக இருக்க வேண்டும்.

சித்த மருத்துவம் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய பேச்சுதான். கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆம்சியும் கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட்டுச் சதையை மட்டும்தான் எடுக்கிறார்.

ஏழில் முதல் நான்கும் மலையிலும் கிடங்கிலும் முடிந்துவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். ஐந்தும் ஆறும் அடுப்படி வேலை. ஏழாவது தராசில். இன்றைய ஆய்வகமோ பெரும்பாலும் எல்லாம் முடிந்தபின் வரும் பொடியைத்தான் பார்க்கிறது. ஈயம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா, கிருமி எண்ணிக்கை என்ன என்று அது சொல்லும். செடி எந்தச் சரிவில் நின்றது என்று அதனிடம் கேட்க முடியாது. நான் பார்த்தவரை, ஒவ்வொரு வழியும் இந்த ஏழில் சிலவற்றை நன்றாகக் காப்பாற்றி, மற்றவற்றைக் கைவிடுகிறது.

தானே செய்தால்

லடாக்கில் மூலிகை பறிக்கக் கிடைப்பது குறுகிய கோடைக்காலம்தான், ஏறக்குறைய ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. நல்ல சரக்கு பலவும் 4,000 மீட்டருக்கு மேலே கணவாய்ப் பக்கங்களில்தான் இருக்கிறது. குளிர்ச்சி தரும் மூலிகை நிழல் விழும் சரிவில் விளைந்ததாக இருக்க வேண்டும், சூடு தருவது வெயில் படும் சரிவில். உலர்த்துவதிலும் அதே கணக்கு. குளிர்ச்சிச் சரக்கை நிழலில் காற்றாட விடுவார்கள், சூட்டுச் சரக்கை வெயிலில் காயவைப்பார்கள். ஒரு மூட்டை மூலிகையை அனல்காற்று அடுப்பில் ஒரே இரவில் காயவைப்பவருக்கு இந்த நுணுக்கத்துக்கு நேரம் இருக்காது. தன் கையால் பறிக்கும் ஆம்சிக்கு இருக்கிறது. முதல் மூன்று விதிகளிலும் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்வதால் நான்காவதும், அதாவது சரக்கின் புதுமையும், அவர் கையில்தான்.

ஆனால் மலையேற அவருக்கு நேரம் எங்கே? அந்தக் காலத்தில் ஆம்சியின் வயல் வேலையை ஊரார் பகிர்ந்துகொண்டார்கள், அறுவடையில் தானியமும் கொடுத்தார்கள். அதனால் கோடையில் அவரால் மலைக்குப் போக முடிந்தது. இப்போது பணப் புழக்கம் வந்துவிட்டது. இளைஞர்கள் ராணுவ ஒப்பந்த வேலைக்கும் சுற்றுலாத் தொழிலுக்கும் போய்விட்டார்கள். பக்கத்திலேயே அரசு சுகாதார நிலையத்தில் ஆங்கில மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆம்சிக்குத் தானியமும் வருவதில்லை, வயலுக்கு ஆளும் வருவதில்லை. பறிக்க வேண்டிய வாரத்தில் அவர் வேறு கூலிக்குப் போயிருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. தானே செய்வது என்று சொன்னாலும் பாதிதான் தானே செய்தது. திபெத்திய மருத்துவத்தில் ‘ஆறு நல்லவை’ என்று ஒரு தொகுப்பு இருக்கிறது: ஜாதிக்காய், கிராம்பு, ஏலக்காய், பெரிய ஏலக்காய், குங்குமப்பூ, மூங்கிலுப்பு (மூங்கிலுக்குள் உறையும் வெண்ணிறச் சிலிக்கா). ஜாதிக்காயும் கிராம்பும் ஏலமும் மழைக்காட்டுச் சரக்கு. இருப்பதில் பக்கத்து ஊர் விளைச்சல் என்றால் காஷ்மீரத்துப் பாம்போர் குங்குமப்பூ. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், திப்பிலி, சந்தனம் எல்லாம் சமவெளியிலிருந்தோ தெற்கிலிருந்தோ வர வேண்டியவை. அவர் அரைக்கும் செஞ்சந்தனம் கடப்பை, சித்தூர்ப் பக்கத்துக் காட்டில் வளர்ந்தது. இவையெல்லாம் டெல்லி காரி பாவ்லி மாதிரிச் சந்தைகளில் பல கை மாறித்தான் லேக்கு வருகின்றன.

அந்தச் சரக்கின் மலையும் பருவமும் ஆம்சிக்குத் தெரியாது. மோந்து பார்க்கலாம், நாக்கில் வைத்துப் பார்க்கலாம். பயிற்சி பெற்ற நாக்கு நிறையவே சொல்லும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குங்குமப்பூவில் குசும்பாப் பூவிதழ் கலப்பது பழைய தந்திரம். மூங்கிலுப்பு என்று சந்தையில் விற்பதில் பெரும்பகுதி மூங்கிலையே பார்த்திராத செயற்கைச் சிலிக்கா. கடுக்காயில் பூஞ்சை பிடித்திருந்தால் அது பொடியானபின் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுத் தயாரிப்பு என்றாலே சுத்தமானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் பலவீனமே இந்தக் கடைச் சரக்கில்தான் இருக்கிறது.

ஒரே பெயரில் வேறு வேறு செடி என்ற சிக்கலும் உண்டு. டிக்டா என்ற கசப்புச் செடியில் இந்திய டிக்டா, நேபாள டிக்டா, திபெத் டிக்டா என்று மூன்று உண்டு. ஒவ்வொன்றின் கீழும் எந்தச் செடி வரும் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு. ஒரு பள்ளத்தாக்கின் ஆம்சி பயன்படுத்தும் செடியைப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர் ஏற்க மாட்டார். கிராமத்துக்குள் இதனால் தொந்தரவில்லை, ஏனென்றால் பறிப்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆள். நோயாளி அடுத்த ஊருக்குப் போய் அதே பெயரில் மருந்து கேட்கும்போதுதான் வம்பு.

ஐந்து சரக்கில் இத்தனை தலைவலி

க்யுங்-ங்கா என்று ஒரு மாத்திரை. கருட ஐந்து என்று சொல்லலாம். சின்னதாக, கறுப்பாக இருக்கும். கடுக்காய், கோஷ்டம் என்ற வாசனை வேர், வசம்பு, கஸ்தூரி, நாபி என்று ஐந்தே சரக்குகள். பார்த்தால் எளிய சேர்மானம். ஆனால் ஆம்சி எடுக்க வேண்டிய முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதை இந்த ஒரு மாத்திரையே காட்டிவிடும்.

நாபி கொடிய விஷம். அதிலுள்ள அகோனிட்டின் என்ற நஞ்சு சில மில்லிகிராமே ஆளைக் கொல்லப் போதும். ஊறவைத்து வேகவைக்கும்போது அகோனிட்டின் சிதைந்து வீரியம் பலமடங்கு குறைந்த சேர்மமாகிறது. இந்த முறையின் தர்க்கம் வேதியியலுக்கும் ஒத்துவருகிறது. ஆனால் எவ்வளவு நேரம் வேகவைப்பது? மலைமேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அப்போது நேரத்தைக் கூட்ட வேண்டாமா? கிழங்கு பெரியதா சின்னதா? எந்த இன நாபி? கைப்பக்குவத்தில் இதையெல்லாம் அறிந்த மூத்தவர் பக்கத்தில் இருந்தால் சரி. புத்தகத்தில் படித்துவிட்டுத் தனியாக இறங்குபவர் செய்யக் கூடாது என்றே சொல்வேன்.

கஸ்தூரி கதை வேறு. கஸ்தூரி மான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சர்வதேச வணிகமும் தடை. எனவே மாற்றுச் சரக்குதான் வழி. மாற்றுச் சரக்கைத் திபெத்திய மரபே அனுமதிக்கிறது, அது புதிய சமரசம் இல்லை. ஆனால் ஆளுக்கொரு மாற்று போட்டால் ஒரே பெயரில் பத்து மருந்து உலவும். கோஷ்டத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. காட்டுக் கோஷ்டம், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. நல்லவேளையாக ஹிமாசலத்தின் லாஹௌலில் அதைப் பயிராக வளர்க்கிறார்கள். ரசீதோடு அங்கிருந்து வாங்கலாம்.

மருந்துச்சாலையில் வாங்கினால்

லாசாவின் இரும்புக் குன்றில் 1696-ல் சாக்போரி மருத்துவக் கல்லூரி எழுந்தது, 1959-ல் அழிந்தது. அதே ஊரில் 1916-ல் 13-ஆவது தலாய் லாமா தொடங்கியது மென்-ட்ஸீ-காங். 1961-ல் அது தரம்சாலாவில் மீண்டும் பிறந்தது. இன்று தரம்சாலாவில் அரைவை இயந்திரம் அரைக்கிறது, சுழலும் தட்டில் மாத்திரை உருள்கிறது, சல்லடை அளவு பிரிக்கிறது. முன்பு தோல் பையில் போட்டு ஆட்டி உருட்டியதைத் தட்டு செய்கிறது, அவ்வளவுதான். மைசூர்ப் பக்கம் பைலகுப்பேயில் வாங்கினாலும் டெல்லியில் வாங்கினாலும் ஒரே மாத்திரை கிடைக்கிறது. தயாரிப்பின்போது மந்திரமும் பூசையும் உண்டு. நம்பிக்கை உள்ள நோயாளிக்கு அதுவும் தரத்தின் ஒரு பகுதி, எந்த ஆய்வகமும் அதை அளக்காது.

ஐந்தாவது விதியில், அதாவது நஞ்சு நீக்குவதில், இந்த மருந்துச்சாலைகளுக்கு இணை கிடையாது. ட்ஸோதெல் என்பது பாதரசத்தைக் கழுவி, வேகவைத்து, கந்தகத்தோடும் எட்டு உலோகம், எட்டுக் கனிமம் இவற்றின் பஸ்மத்தோடும் சேர்த்துக் கறுப்புப் பொடியாக்கும் முறை. 13-ஆம் நூற்றாண்டில் ஓர்க்யென்பா என்ற யோகி திபெத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. சீனச் சிறையில் நீண்டகாலம் இருந்து மீண்ட டாக்டர் டென்சின் சோட்ராக் தலைமையில், தரம்சாலாவில் 1982-ல் இதைச் செய்தார்கள். வாரக்கணக்கில் நடக்கும் வேலை. பட்டில் சுற்றி முத்திரை வைத்துத் தரும் ரத்தின மாத்திரைகள் சிலவற்றுக்கு உயிர்நாடி இந்த ட்ஸோதெல்தான். நம்மூரில் ரசக் கட்டு, செந்தூரம் என்று கேட்டவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல.

பாதுகாப்பானதா? ட்ஸோதெல்லில் பாதரசம் பெரும்பாலும் மெட்டாசின்னபார் என்ற கறுப்புச் சல்பைடாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது தண்ணீரில் கரையாது, குடலும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதனால் திரவப் பாதரசத்தையும் இதையும் ஒன்றாகப் பேசுவது தப்பு. ஆனால் நீண்டகாலம் சாப்பிட்டால் தீங்கில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தப்புதான். ஏற்றுமதியாகும் மூலிகை மட்டுமே கொண்ட ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் பாதரசம் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற சோதனையை இந்தியா 2006 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. பாதரசத்தைச் சரக்காகவே சேர்க்கும் மாத்திரை அந்த வரம்புக்குள் அடங்கவே அடங்காது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை பாரம்பரியப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு விலக்கு தருகிறது. விலக்கு கிடைத்ததை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்துச்சாலை வழியில் இழப்பும் உண்டு. பறித்தவர் ஒருவர், அரைத்தவர் ஒருவர், கொடுப்பவர் மூன்றாமவர். மூட்டை மூட்டையாக வாங்கும்போது சரிவும் நிழலும் விசாரித்து வாங்க முடியாது. எல்லா மருந்தும் எல்லா ஆம்சிக்கும் கேட்டபோது கிடைக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. எல்லாவற்றையும் வாங்கியே பழகினால், பத்து வருடத்தில் அந்த ஆம்சிக்குத் தன் மலையின் செடிகளே மறந்துபோகும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

தொழிற்கூட வழி

இந்த வழியில் கடைசிவரை போய்ப் பார்த்தது சீனா. 2001-ல் மருந்துச் சட்டத்தைத் திருத்தி, 2004 நடுப்பகுதிக்குள் எல்லா மருந்து உற்பத்தியாளர்களும் ஜி.எம்.பி. என்ற நல்லுற்பத்தி விதிகளுக்குள் வந்தாக வேண்டும் என்றார்கள். திபெத்திய மருந்தும் அதில் அடக்கம். தனித்தனி அறை, துருப்பிடிக்காத எஃகு, கிருமிநீக்கம், தாள் தாளாகப் பதிவேடு. லாசா, சினிங் போன்ற ஊர்களில் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. சிறிய தயாரிப்பாளர்களுக்கு அந்த முதலீடு எட்டாக் கனி. ஒரு பேட்சில் தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிகிறது. இந்த லாபம் நிஜம், கிராமத்து ஆம்சியிடம் இது அறவே இல்லை. ஆனால் நிழலில் உலர வேண்டியதும் வெயிலில் உலர வேண்டியதும் ஒரே அனல் அறைக்குள் போகின்றன. பெட்டி பளபளப்பாகிறது, விலை ஏறுகிறது, மூலிகைக்கு லாரி கணக்கில் தேவை எழுகிறது. சடாமாஞ்சில், கடுகுரோகிணி போன்ற மெதுவாக வளரும் வேர்கள் இதை எத்தனை காலம் தாங்கும்?

சுவிட்சர்லாந்து இன்னொரு முனை. சைபீரியாவின் புரியாத்திய வம்சமான பட்மாயேவ் குடும்பத்தின் வழியாக ரஷ்யாவுக்கும் போலந்துக்கும் போன சேர்மானங்களை எடுத்துக்கொண்டு 1969-ல் சூரிச் பக்கம் பத்மா நிறுவனம் தொடங்கியது. கற்பூரம் 25 என்ற பழைய சேர்மானத்தை ஒட்டிய பத்மா 28, 1977-ல் அங்கே மருந்தாகப் பதிவானது. பாதரசம் கிடையாது, விலங்குப் பொருள் கிடையாது. ஒவ்வொரு மாத்திரையும் ஒரே மாதிரி. ரத்தக்குழாய் நோயில் மருத்துவ ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. சுத்தமான வேலைதான், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் பல நூறு சேர்மானங்களில் இந்தக் கண்டிப்பைத் தாண்டி நின்றவை கைவிரலில் எண்ணக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதியோ 30 ஆண்டுப் பயன்பாட்டுக்கு ஆதாரம் கேட்கிறது, அதில் 15 ஆண்டு ஐரோப்பாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். லே பள்ளத்தாக்கில் 500 வருடம் கொடுத்த மருந்தானாலும் அதில் 15-க்கு மட்டும்தான் கணக்கு, மீதி 15-க்கு ஐரோப்பியர்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். சிரிப்புதான் வருகிறது.

பூடான் நடுவழி போயிருக்கிறது. 1967-லேயே பாரம்பரிய மருத்துவத்தை அரசுச் சுகாதாரத் துறையோடு சேர்த்தது. மருந்து திம்புவில் ஒரே இடத்தில் தயாராகி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போகிறது. மலைமூலிகைக்கு லிங்ஷி, தாழ்நிலச் சரக்குக்கு லாங்தெல் என்று பறிக்கும் இடங்களும் தெரிந்தவை. லடாக்குக்கு இதுதான் பொருத்தமான மாதிரி என்று தோன்றும். ஆனால் இலவசமாகத் தருவது என்று ஓர் அரசு முடிவெடுத்ததால் நின்ற அமைப்பு அது. தனி ஆம்சியால் அதைத் தொடங்க முடியாது.

சரி, எப்படிப் பிரிப்பது

நான் அந்த ஆம்சியாக இருந்தால் மருந்துப் பெட்டியை மூன்றாகப் பிரிப்பேன். மாதுளை விதை, லவங்கப்பட்டை, ஏலம், திப்பிலி சேர்ந்த செரிமானச் சூரணம் மாதிரியானவை, நஞ்சில்லாத மலைமூலிகைக் கஷாயப் பொடிகள், ஊரிலேயே வேலியோரம் காய்க்கும் ஸீபக்தார்ன் என்ற முள்செடியின் பழம் சேர்ந்தவை, இவற்றை நானே செய்துகொள்வேன். புதுமைதான் இவற்றின் பலம், தவறு நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நாபி சேர்ந்த எதையும், க்யுங்-ங்கா உட்பட, மூத்தவர் மேற்பார்வையில் கூட்டாகச் செய்ததாகவோ பெரிய மருந்துச்சாலையில் வாங்கியதாகவோ மட்டுமே வைத்திருப்பேன். ட்ஸோதெல் சேர்ந்தவற்றை வைத்திருக்கவே மாட்டேன். கேட்பவரை அதைத் தயாரிக்கும் மருந்துச்சாலையின் சொந்த மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். யாருக்கு எவ்வளவு நாள் கொடுத்தது என்று அவர்களிடம் பதிவு இருக்கும். இது கோழைத்தனம் என்று மூத்த ஆம்சிகள் சிலர் சொல்லலாம், சொல்லட்டும்.

முழு ஜி.எம்.பி. தொழிற்கூடம் இப்போதைக்கு வேண்டாம். லடாக்குக்கு வெளியே விற்கும் எண்ணம் வந்தால் அப்போது யோசிக்கலாம். அதற்குப் பதில், பள்ளத்தாக்குக்கு ஒரு பொது அரைவைக்கூடம் போதும். ஆடும் தூசியும் வராத உலர்த்தும் அறைகள் இரண்டு, ஒன்று நிழலுக்கு, ஒன்று வெயிலுக்கு. ஒவ்வொரு அரைப்பிலும் ஒரு பிடி எடுத்துச் சீலிட்டு வைக்க ஓர் அலமாரி. எங்கே, எந்த மாதம், யார் பறித்தது, யார் அரைத்தது என்று எழுத ஒரு நோட்டு. ஆய்வகத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பினால் கட்டுப்படியாகாது. அங்கே போக வேண்டியது சந்தைச் சரக்கு. கடுக்காய், திப்பிலி, குங்குமப்பூ, மூங்கிலுப்பு மூட்டை வந்தவுடன் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி எடுத்து, கன உலோகமும் பூஞ்சை நஞ்சும் கலப்படமும் பார்க்கச் சொல்லலாம். தன் கையால் பறித்த செடியைவிட முகம் தெரியாத மூட்டைக்குத்தான் அந்தப் பணம் செலவாக வேண்டும்.

டிக்டா சண்டையைத் தீர்க்க முயல வேண்டாம். பள்ளத்தாக்கின் பெயரை எழுதித் தனித்தனி டப்பாவில் வைத்தால் போதும். கஸ்தூரிக்குப் பதில் என்ன போடுவது என்பதை மட்டும் எல்லோரும் உட்கார்ந்து ஒன்றாக முடிவு செய்து உறையிலேயே அச்சிட்டுவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் அவசரம் உண்டு. சமவெளிச் சரக்கு பனிக்கு முன் மலை ஏறிவிட வேண்டும், சோதனை முடிவும் அதற்குள் கைக்கு வர வேண்டும். மூலிகை பறிக்கும் அதே ஆகஸ்டில்தான் டெல்லிக்குப் பட்டியலும் போக வேண்டும். ஆகவே யார் மலைக்குப் போவது, யார் பட்டியல் எழுதுவது என்று ஜூன் மாதமே பேசி வைத்துக்கொள்வது நல்லது.